வால்டர் டல்: பந்திலிருந்து போர்முனைக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முதல் உலகப் போரில் உயிரைவிட்ட கால்பந்து வீரர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. பெரும்பாலோரின் பெயர் அவரவர் கிளப்பின் சுவரோடு நின்றுவிட்டது. வால்டர் டல் பெயர் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டே போகிறது. பேச்சு கூடினால் கதையும் கூடும். ‘முதல் கறுப்பின’ என்று தொடங்கும் பட்டங்களாக அவருக்குச் சூட்டியவற்றில் பாதி, கொஞ்சம் தட்டிப் பார்த்தாலே உதிர்ந்துவிடும். உதிராமல் நிற்கும் பாதியே போதுமானது என்பது என் எண்ணம். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, அந்தப் பாதியை இங்கே எழுதிவைக்கிறேன்.

யார் இந்த வால்டர் டல்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் உள்ள ஃபோக்ஸ்டனில் 1888 ஏப்ரல் 28 அன்று பிறந்தவர். அப்பா கரீபியத் தீவான பார்படாஸிலிருந்து வந்த தச்சர், அம்மா உள்ளூர் வெள்ளைக்காரப் பெண். ஒன்பது வயதில் அனாதை. இருபத்தோரு வயதில் டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அணியின் முன்கள வீரர். அப்புறம் நார்தாம்ப்டன் டவுனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். 1914 டிசம்பரில் ராணுவத்தில் சேர்ந்து, 1917இல் அதிகாரியாகி, 1918 மார்ச் 25 அன்று பிரான்சில் கொல்லப்பட்டார். முப்பது வயது நிறைய ஒரு மாதம்தான் பாக்கி இருந்தது.

பெயரை எப்படிச் சொல்வது?

‘டல்’ என்றேதான். தமிழில் எழுதும்போது ‘ஆள் டல்லாக இருக்கிறார்’ என்பதன் டல் ஞாபகம் வரத்தான் செய்யும். என்ன செய்வது, ஆள் அதற்கு நேர் எதிர்.

சிறுவயதில் அனாதை இல்லத்துக்குப் போனது ஏன்? உறவினர்கள் இல்லையா?

இருந்தார்கள், ஆனால் கையில் காசு இல்லை. அப்பா டேனியல் டல் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர். 1876இல் இங்கிலாந்துக்கு வந்து, ஃபோக்ஸ்டனில் தச்சு வேலை பார்த்து, ஆலிஸ் பால்மரைக் கட்டிக்கொண்டார். 1895இல் ஆலிஸ் புற்றுநோயில் இறந்தார். சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த டேனியல், ஆலிஸின் உறவுக்காரப் பெண்ணான கிளாராவை அடுத்த ஆண்டே மணந்தார். அடுத்து ஒரு பெண் குழந்தை. 1897 முடிவதற்குள் டேனியலும் இதய நோயில் போய்ச் சேர்ந்தார்.

கிளாராவின் நிலையை யோசித்துப் பாருங்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கணவன் இல்லை, வருமானம் இல்லை, கைக்குழந்தையோடு சேர்த்து வீடு நிறையப் பிள்ளைகள். மூத்த பையன் வேலைக்குப் போகும் வயது, பெண்கள் வீட்டுக்கு உதவுவார்கள். நடுவில் இருந்த எட்வர்டையும் வால்டரையும்தான் வைத்துக் காப்பாற்ற வழியில்லை. உள்ளூர் மெதடிஸ்ட் சபையின் ஏற்பாட்டில் 1898இல் இருவரும் லண்டன் பெத்னல் கிரீனில் இருந்த குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள். சித்தியைக் கொடுமைக்காரியாக்கி எழுதப்பட்ட வடிவங்களும் உலவுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அண்ணன் எட்வர்ட் என்ன ஆனார்?

அவர் கதையையே தனியாக எழுதலாம். இல்லத்துக்குப் பாடகர் குழு ஒன்று உண்டு, நன்கொடை திரட்ட ஊர் ஊராகப் போவார்கள். எட்வர்டுக்கு நல்ல குரல். அப்படிப் பாடப்போன இடத்தில் கிளாஸ்கோவைச் சேர்ந்த வார்னாக் குடும்பத்துக்கு அவரைப் பிடித்துப்போய், 1900இல் தத்தெடுத்துக்கொண்டார்கள். வளர்ப்புத் தந்தை பல் மருத்துவர். எட்வர்டும் அதையே படித்து 1912இல் தேறினார். பிரிட்டனில் பல் மருத்துவரான முதல் சில கறுப்பினத்தவர்களில் அவரும் ஒருவர். பர்மிங்ஹாமில் உதவியாளர் வேலை கிடைத்துப் போய் நின்றபோது, ‘நீ கறுப்பனா! ஒரே நாளில் என் தொழிலையே கெடுத்துவிடுவாயே’ என்று அங்கிருந்த மருத்துவர் பதறினாராம். குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இது.

இரண்டு வருஷம் மூத்தவர். இல்லத்தில் தம்பிக்கு இருந்த ஒரே ஒட்டுறவு அவர்தான். அவர் தத்துப்போன நாளில் இல்லத்தில் தனியாக நின்ற வால்டருக்கு வயது பன்னிரண்டு. ஆனாலும் இருவருக்கும் போக்குவரத்து நிற்கவில்லை. வால்டர் பின்னால் போர்முனையிலிருந்து கடிதம் எழுதியதும் அண்ணனுக்குத்தான்.

கால்பந்துக்கு எப்படி வந்தார்?

இல்லத்தின் அணியில் ஆடினார். தொழிலுக்கு அச்சு வேலை கற்றுக்கொண்டார். 1908இல் கிழக்கு லண்டனின் கிளாப்டன் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. சம்பளம் இல்லாத அமெச்சூர் அணி என்றாலும் லேசான அணி இல்லை. அந்த ஒரே பருவத்தில் அமெச்சூர் கோப்பை, லண்டன் சீனியர் கோப்பை, லண்டன் கவுண்டி அமெச்சூர் கோப்பை என்று மூன்றையும் வாரிக்கொண்டு வந்தது. அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்தில் எஸ்டன் யுனைடெட்டுக்கு 6-0. ‘இந்தப் பருவத்தில் சிக்கிய நல்ல ஆள்’ என்று ஒரு விளையாட்டுப் பத்திரிகை வால்டரைப் பாராட்டியது. பருவம் முடிவதற்குள் டோட்டன்ஹாம் வாசலில் நின்றது.

டோட்டன்ஹாம் எவ்வளவு கொடுத்தது?

கையெழுத்துக்கு 10 பவுண்டு, வாரச் சம்பளம் 4 பவுண்டு. கேட்பதற்கு அற்பமாக இருக்கலாம். அன்றைய விதிப்படி எந்த வீரருக்கும் அதற்கு மேல் கொடுக்க முடியாது, உச்சவரம்பே அதுதான். முழு உச்சவரம்பைக் கொடுத்து எடுத்தார்கள் என்பதிலிருந்தே அவர்மேல் இருந்த நம்பிக்கை தெரிகிறது. கையெழுத்தான கையோடு 1909 கோடையில் அர்ஜென்டினா, உருகுவே சுற்றுப்பயணத்துக்கும் அழைத்துப்போனார்கள்.

முதல் டிவிஷனில் நன்றாக ஆடினாரா, இல்லை இப்போது மிகைப்படுத்துகிறார்களா?

நன்றாகவே ஆடினார். டோட்டன்ஹாம் அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு, அதாவது இங்கிலாந்து லீக்கின் உச்ச அடுக்குக்கு, ஏறிவந்திருந்தது. 1909 செப்டம்பரில் சண்டர்லாந்துக்கு எதிராக அறிமுகம், அதில் தோல்வி. அடுத்த சில நாட்களில் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட். 30,000க்கும் அதிகமானோர் பார்த்துக்கொண்டிருக்க, கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் டல்லை இடறி வீழ்த்தியதற்குப் பெனால்டி கிடைத்தது, ஆட்டம் 2-2. அந்த ஆட்டத்தைப் பார்த்த நிருபர் ஒருவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது இதுதான்: பந்து காலுக்கு வந்ததும் அடிக்க மாட்டார், ஒரு கணம் பொறுப்பார், எதிரணிக்காரன் தப்பான பக்கம் காலை வைத்த பிறகு பந்தைத் தள்ளிவிடுவார். இன்சைட் ஃபார்வர்டுக்கு, அதாவது நடு முன்கள வீரருக்குப் பக்கத்தில் ஆடுகிறவருக்கு, வேண்டிய அடிப்படைக் குணமே அதுதான், அவசரமின்மை. ஓட்டத்தில் அவர் வேகமானவர் அல்ல என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. மூளையால் ஆடுகிறவனுக்குக் கால் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

பிரிஸ்டலில் என்ன நடந்தது?

1909 அக்டோபரில் பிரிஸ்டல் சிட்டியின் மைதானத்தில் ஆட்டம். கூட்டத்தில் ஒரு பகுதியினர் டல்லின் நிறத்தைச் சொல்லி ஆட்டம் முழுக்கக் கத்தினார்கள். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் இப்படிப்பட்டதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இந்தத் தடவை ‘ஃபுட்பால் ஸ்டார்’ நிருபர் விடவில்லை. ‘கால்பந்தும் நிறவெறியும்’ என்று பொருள்படும் தலைப்பு வைத்து எழுதினார். அவர்கள் பேசிய பேச்சு பில்லிங்ஸ்கேட்டைவிடக் கேவலமானது என்றார். பில்லிங்ஸ்கேட் என்பது லண்டனின் மீன் சந்தை, வாய்ச்சண்டைக்குப் பேர்போனது. எண்ணத்திலும் ஆட்டத்திலும் டல் அவ்வளவு சுத்தமானவர், கால்பந்து ஆடும் எல்லா வெள்ளையருக்கும் அவரே முன்மாதிரி என்றும், அன்று மைதானத்தில் நின்றவர்களிலேயே சிறந்த முன்கள வீரர் அவர்தான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

நூறு வருஷத்துக்கு முந்தைய விளையாட்டுப் பக்கத்தில் இவ்வளவு சூடான வரிகள் அபூர்வம். ஆனால் அந்த நல்ல வரிகளால் டல்லுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அந்தப் பருவத்தில் மொத்தமே ஏழு முதல் டிவிஷன் ஆட்டங்கள்தான் ஆடினார். அதன்பின் ரிசர்வ் அணி. அடுத்த பருவத்தில் மூன்று ஆட்டங்கள். ஆக 10 ஆட்டங்கள், 2 கோல், கதை முடிந்தது.

அந்தக் கூச்சலுக்குப் பயந்துதான் கிளப் அவரை உட்கார வைத்ததா?

ஆட்டத்திறன் சரிந்தது, அதனால் நீக்கினார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. புதிதாக ஏறிவந்த அணி, கீழே இறங்கிவிடக் கூடாதே என்ற பதற்றம், ஆட்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பது, இதெல்லாம் நடப்பதுதான். ஆனால் பிரிஸ்டலுக்கு முன்பு அவரைப் பற்றி வந்த பாராட்டுகளையும், பிரிஸ்டலில் அவரே சிறந்தவர் என்று எழுதப்பட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், திறன் சரிந்தது என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை. ஒவ்வொரு வெளியூர் மைதானத்திலும் இதே கூச்சல் வருமே, எதற்கு வம்பு என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட முடிவுகளை யாரும் தாளில் எழுதிவைப்பதில்லை. ஆளின் பெயரைப் பட்டியலில் போடாமல் விட்டாலே போதும்.

நார்தாம்ப்டன் டவுன் அவரை எடுத்தது எப்படி?

அங்கே மேலாளராக இருந்தவர் ஹெர்பர்ட் சாப்மன். பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் இங்கிலாந்தின் தலையில் ஏற்றிவைத்த அதே சாப்மன். 1911 அக்டோபரில் நல்ல தொகை கொடுத்து டல்லை வாங்கினார். நார்தாம்ப்டன் ஆடியது சதர்ன் லீக்கில், முதல் டிவிஷனுக்குக் கீழே. ஆனால் அங்கே அவருக்கு இடம் இருந்தது. முதலில் முன்களத்தில் ஆடினார், ஒரே ஆட்டத்தில் நான்கு கோல்கூடப் போட்டிருக்கிறார். பிறகு ஹாஃப் பேக்காக மாற்றிப் பார்த்தார்கள், அதுதான் அவர் இடம் என்று ஆனது. இரண்டு பக்கமும் பார்த்து, எதிரணியின் பந்தை அறுத்து, முன்னால் தள்ளிவிடும் வேலை. 111 ஆட்டங்கள், 9 கோல். அவர் வாழ்க்கையில் நிம்மதியான மூன்று வருஷங்கள் இவையாகத்தான் இருக்கும்.

கால்பந்து வீரர்களுக்கென்று தனிப் படைப்பிரிவு எதற்கு?

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது கிரிக்கெட்டும் ரக்பியும் சீக்கிரமே நின்றுவிட்டன. தொழில்முறை கால்பந்து நிற்கவில்லை. வீரர்கள் கிளப்புடன் ஒப்பந்தத்தில் இருந்தார்கள், அதை உதறிவிட்டு வர முடியாது. ஆனால் பத்திரிகைகளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. எல்லைக்கு அப்பால் ஆட்கள் செத்துக்கொண்டிருக்க, இங்கே கட்டுடல் ஆண்கள் காசுக்குப் பந்து உதைக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று திட்டித்தீர்த்தன. இதில் வர்க்க வாடையும் உண்டு. ரக்பி கனவான்களின் ஆட்டம், கால்பந்து தொழிலாளிகளின் ஆட்டம்.

இந்த வசவுக்குப் பதில் சொல்ல 1914 டிசம்பர் 15 அன்று லண்டன் ஃபுல்ஹாம் டவுன் ஹாலில் ஒரு கூட்டம் நடந்தது. அங்கே பிறந்ததுதான் மிடில்செக்ஸ் ரெஜிமெண்டின் 17ஆவது பட்டாலியன், மக்கள் வாயில் ‘ஃபுட்பால் பட்டாலியன்’. முதல் ஆளாக முன்வந்தவர் கால்பந்து வீரர் ஃபிராங்க் பக்லி. இங்கிலாந்தின் நட்சத்திரமாக இருந்த விவியன் உட்வர்டும் இதில் சேர்ந்தார். பருவம் முடியும்வரை சனிக்கிழமைகளில் போய்த் தங்கள் கிளப்புக்கு ஆடிவிட்டுவர வீரர்களுக்கு அனுமதி இருந்தது. வார நாளில் துப்பாக்கிப் பயிற்சி, வாரக் கடைசியில் லீக் ஆட்டம்.

வால்டர் டல் பெயர் கொடுத்தது டிசம்பர் 21 அன்று, பட்டாலியன் தொடங்கி ஆறே நாளில். நார்தாம்ப்டன் வீரர்களில் அவரே முதல். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, கட்டாயச் சேர்ப்பு வந்தது 1916இல்தான்.

1914 கிறிஸ்துமஸில் போர்முனையில் சண்டையை நிறுத்திவிட்டு எதிரிகளோடு பந்து ஆடினார்களே, அதில் டல் இருந்தாரா?

இல்லை. அந்தக் கிறிஸ்துமஸில் அவர் ராணுவத்தில் சேர்ந்து நான்கே நாள், இருந்தது இங்கிலாந்தில். பட்டாலியன் பிரான்சில் கால் வைத்தது 1915 நவம்பரில். இந்த இரண்டையும் முடிச்சுப்போடும் கதைகளை நம்ப வேண்டாம்.

போர்முனையில் அவருக்கு என்ன நடந்தது? மனநலம் பாதிக்கப்பட்டது உண்மையா?

உண்மை. இதை மறைத்து எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை.

பிரான்சுக்குப் போகும் முன்பே லான்ஸ் சார்ஜெண்ட் ஆகிவிட்டார். சில மாதம் அகழியில் கிடந்தார்கள். அகழி என்றால் சினிமாவில் காட்டுகிற மாதிரி ஓடிப்போய்க் குதித்துச் சுடுகிற இடம் இல்லை. முழங்கால் சேறு, எலி, பேன், நனைந்த உடுப்பு, தலைக்குமேல் எந்த நேரம் எங்கே விழும் என்று தெரியாத குண்டு. ஓய்வுக்கு என்று பின்னால் அழைத்துவந்தால் அது வெறும் சலிப்பு, பையன்கள் முன்வரிசையையே விரும்புகிறார்கள் என்ற பொருளில் 1916 தொடக்கத்தில் அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. வீரம் பேசுகிற தொனி அதில் கிடையாது.

1916 மே மாதம் ‘கடும் பித்து’ என்று பொருள்படும் மருத்துவக் குறிப்போடு அவரை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். ‘ஷெல் ஷாக்’ என்று பொதுவாகச் சொல்லப்பட்ட அதிர்ச்சி. தொடர்ந்த குண்டுவீச்சில் ஆயிரக்கணக்கானோர் இப்படி நொறுங்கினார்கள், அவர்களைக் கோழைகள் என்று நினைத்த அதிகாரிகளும் இருந்தார்கள். டல் தேறி, செப்டம்பரில் மறுபடி பிரான்சுக்குப் போனார். போன இடம் சோம் நதிப் போர்முனை. இந்தத் தடவை 23ஆவது பட்டாலியன், அதாவது இரண்டாவது ஃபுட்பால் பட்டாலியன். டிசம்பர் கடைசியில் டிரெஞ்ச் ஃபீவர் கண்டு மீண்டும் ஊர் திரும்பினார். பேன் கடியால் பரவும் காய்ச்சல் அது.

அவர் நோயில் இருந்த மாதங்களில் பழைய 17ஆவது பட்டாலியன் டெல்வில் காட்டிலும் கில்மாண்டிலும் சின்னாபின்னமானது. மே மாதம் மனம் நொறுங்காமல் இருந்திருந்தால் அவரும் அங்கே இருந்திருப்பார்.

கறுப்பினத்தவர் அதிகாரி ஆக முடியாது என்று விதி இருந்ததே, இவர் எப்படி ஆனார்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நின்று பதில் சொல்லப் பிடிக்கும்.

கமிஷன், அதாவது அதிகாரிப் பதவி, வாங்க விரும்புகிறவர் ‘கலப்பில்லாத ஐரோப்பிய வம்சாவளி’யாக இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவத்தின் வழிகாட்டுதல் எழுத்திலேயே சொன்னது. விண்ணப்பப் படிவத்திலும் அந்தக் கேள்வி ஒரு வரியாக இருந்தது. பின்னணியில் இருந்த நினைப்பு எளிது: வெள்ளைச் சிப்பாய் கறுப்பு அதிகாரிக்குக் கீழ்ப்படிய மாட்டான்.

ஆனால் 1916 ஜூலை 1 வந்தது. சோம் போரின் அந்த முதல் நாள் ஒன்றில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் இறந்தார்கள், காயம்பட்டோரையும் சேர்த்தால் 57,000க்கும் மேல். முன்வரிசையில் விசிலை ஊதிக்கொண்டு முதலில் மேலே ஏறுவது இளம் அதிகாரிகள்தான், எனவே முதலில் விழுவதும் அவர்களே. பணக்காரப் பள்ளிகளிலிருந்து வரும் கனவான் பிள்ளைகளின் இருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. சரி, சிப்பாய்களிலிருந்தே திறமையானவர்களை எடுத்து அதிகாரி ஆக்குவோம் என்று முடிவானது. எழுத்தர், ஆசிரியர், கடைக்காரர் மகன் எல்லாம் அதிகாரியானார்கள். ‘தற்காலிகக் கனவான்கள்’ என்று நக்கலாகப் பெயரும் வைத்தார்கள்.

அந்த நெருக்கடியில் டல்லின் மேலதிகாரிகள் அவரைப் பரிந்துரைத்தார்கள். விதி அப்படியே இருந்தது, யாரும் திருத்தவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்துபோனார்கள். ஸ்காட்லாந்தின் கெய்ல்ஸில் பயிற்சி. 1917 மே 30 அன்று செகண்ட் லெப்டினன்ட்.

இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு டோட்டன்ஹாம்தான் ஞாபகம் வரும். கால்பந்தில் நிறத்தைச் சொல்லித் தடுக்கும் விதி ஒன்றும் இல்லை, அங்கே அவரை ஓரங்கட்டினார்கள். ராணுவத்தில் விதியே இருந்தது, அங்கே மேலே ஏற்றினார்கள். ராணுவத்துக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டோட்டன்ஹாமுக்கு மாற்று ஆள் வரிசையில் நின்றான், ராணுவத்துக்கு வரிசை காலியாகிவிட்டது.

அப்படியானால் அவர்தான் பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரியா?

இல்லை. நெடுங்காலம் அப்படித்தான் எழுதினார்கள். 2020இல் ஒரு நினைவுப் பதக்கம் ஏலத்துக்கு வந்தபோது யூவன் லூசி-ஸ்மித் என்ற பெயர் வெளிச்சத்துக்கு வந்தது. ஜமைக்காவில் பிறந்த கலப்பினத்தவர், 1914 செப்டம்பரிலேயே கமிஷன் பெற்று, 1915 ஏப்ரலில் கொல்லப்பட்டவர். வேறு பெயர்களும் உண்டு.

கால்பந்திலும் அதே கதை. கயானாவில் பிறந்த ஆண்ட்ரூ வாட்சன் 1881லேயே ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கினார். அக்ராவில் பிறந்த கோல்கீப்பர் ஆர்தர் வார்ட்டன் 1895இல் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்காக முதல் டிவிஷனில் ஆடிவிட்டார். டல் இவர்களுக்குப் பின்னால் வந்தவர். வெள்ளைச் சிப்பாய்களைப் போர்க்களத்தில் நேரடியாக வழிநடத்திய ஆரம்பக் காலக் கறுப்பின அதிகாரிகளில் ஒருவர் என்று சொன்னால் சரியாக இருக்கும். பட்டம் கொஞ்சம் நீளம்தான்.

சிப்பாய்கள் அவருக்குக் கீழ்ப்படிந்தார்களா?

இத்தாலியில் நடந்ததைப் பாருங்கள். 1917 அக்டோபரில் கப்போரெட்டோவில் இத்தாலியப் படை உடைந்தது. அதைத் தாங்கிப்பிடிக்க பிரிட்டன் அனுப்பிய படைகளில் டல்லின் டிவிஷனும் ஒன்று (இது கால்பந்து டிவிஷன் இல்லை, ராணுவத்தின் பெரும் படைப்பிரிவு). பியாவே ஆற்றின் இக்கரையில் இவர்கள், அக்கரையில் எதிரிகள். 1918 புத்தாண்டு இரவில் ஆற்றைக் கடந்து ஒரு திடீர்த் தாக்குதல். ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஜனவரிக் குளிர், இழுத்துக்கொண்டு ஓடும் நீர், இருட்டு. தாக்குதலுக்கு முன்பே முதலில் அக்கரை சென்று பார்த்துவந்தவர்களில் டல் ஒருவர். பிறகு 26 பேரைக் கூட்டிப்போய், முதன்மைப் படைக்குக் காப்பாக நின்று, பலத்த துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே எல்லோரையும் திரும்ப அழைத்துவந்தார். ஒருவருக்கும் காயமில்லை.

டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் சிட்னி லாஃபோர்டு, அவருடைய துணிச்சலையும் பதறாத நிதானத்தையும் எழுத்தில் பாராட்டினார். நிதானம் என்ற சொல்லைக் கவனியுங்கள். 1909இல் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தைப் பார்த்த நிருபரும் அதையேதான் எழுதியிருந்தார்.

எப்படி இறந்தார்?

1918 மார்ச் 21 அன்று ஜெர்மனி தன் கடைசிப் பெரும் தாக்குதலைத் தொடங்கியது. இத்தாலியிலிருந்து அந்த மாதம்தான் திரும்பியிருந்த டல்லின் டிவிஷனை அவசரமாக அதைத் தடுக்கக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிரிட்டிஷ் படை நாளுக்கு நாள் பின்வாங்கிக்கொண்டிருந்தது. 25ஆம் தேதி, பாப்போம் நகருக்குப் பக்கத்தில் ஃபவ்ரேய் கிராமத்தருகே, பின்வாங்கும் நேரத்தில் அவர்மேல் குண்டு பாய்ந்தது.

அவர் உடலை விட்டுவிட்டுப் போக ஆட்களுக்கு மனம் வரவில்லை. இயந்திரத் துப்பாக்கிகள் பொழிந்துகொண்டிருக்க, இழுத்துவரப் பார்த்தார்கள். அவர்களில் டாம் பில்லிங்ஹாம் என்ற சிப்பாய், லெஸ்டர் ஃபாஸ் அணியின் முன்னாள் கோல்கீப்பர். கொஞ்ச தூரம் தூக்கியும் வந்தார். ஜெர்மானியர்கள் நெருங்கிவிட்டதால் கீழே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. உடல் கிடைக்கவேயில்லை.

கீழ்ப்படிந்தார்களா என்று கேட்டீர்களே, கறுப்பு அதிகாரிக்கு வெள்ளைச் சிப்பாய் கட்டுப்பட மாட்டான் என்பதற்காகத்தான் அந்த விதியே இருந்தது. உயிரோடு இல்லாத அதிகாரிக்காக பில்லிங்ஹாம் செய்ததை எந்தக் கட்டளையும் கேட்கவில்லை.

மிலிட்டரி கிராஸ் ஏன் கொடுக்கவில்லை?

அண்ணன் எட்வர்டுக்கு ஆறுதல் கடிதம் எழுதிய சக அதிகாரி பிக்கார்ட், டல்லின் பெயர் மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது, அதற்கு முழுத் தகுதியும் அவருக்கு உண்டு என்று எழுதினார். பதக்கம் வரவில்லை. பரிந்துரைத் தாள் ஆவணங்களில் அகப்படவுமில்லை. அந்தப் போர்க்காலப் பரிந்துரைகளில் பெரும்பகுதி பின்னால் அழிந்துபோனது, ஆகவே தாள் இல்லை என்பதை வைத்துப் பரிந்துரையே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. கறுப்பின அதிகாரிக்குப் பதக்கம் கொடுத்தால், விதியை மீறி அவரை அதிகாரியாக்கியதை ஊரறிய ஒப்புக்கொண்டதாகிவிடும், அதனால் அமுக்கிவிட்டார்கள் என்பது ஒரு வாதம். நம்பக்கூடியதுதான். ஆனால் பரிந்துரைக்கப்பட்டும் பதக்கம் கிடைக்காத வெள்ளை அதிகாரிகளும் நிறைய. இப்போது கொடுக்கச் சொல்லி நீண்ட நாளாகக் கோரிக்கை நடக்கிறது. பழைய போர்களின் பதக்கக் கணக்கைத் திறப்பதில்லை என்பதுதான் அரசின் பதிலாக இருந்துவருகிறது.

கல்யாணம் ஆனதா? குழந்தைகள்?

இல்லை. இன்று அவரைப் பற்றிப் பேசும் குடும்பத்தார் உடன்பிறந்தவர்களின் வழிவந்தவர்கள்.

ரேஞ்சர்ஸுக்கு ஆடினாரா?

ஆடவில்லை. ஸ்காட்லாந்தில் அதிகாரிப் பயிற்சியில் இருந்தபோது, போர் முடிந்தபின் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸுக்கு ஆடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார் என்று சொல்லப்படுகிறது. நடந்திருந்தால் அண்ணன் இருந்த ஊரிலேயே ஆடியிருப்பார்.

அவர் நினைவாக எங்கே என்ன இருக்கிறது?

எண்பது வருஷம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 1999இல் நார்தாம்ப்டன் டவுனின் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானத்துக்கு வெளியே ஒரு நினைவுச் சுவர் எழுப்பினார்கள், மைதானத்துக்குப் போகும் சாலைக்கும் அவர் பெயரே. போரின் நூற்றாண்டு நேரத்தில் நாணயம், தபால்தலை என்று வரிசையாக வந்தன. 2021இல் இங்கிலாந்து கால்பந்துப் புகழ்க் கூடத்தில் சேர்த்தார்கள்.

பிரான்சில் அராஸ் நினைவகம் இருக்கிறது. கல்லறை இல்லாதவர்களுக்கான இடம், கிட்டத்தட்ட 35,000 பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏழாவது பகுதியில், மிடில்செக்ஸ் ரெஜிமெண்ட் என்ற தலைப்பின் கீழ், செகண்ட் லெப்டினன்ட் வரிசையில் தேடினால் டல் கிடைப்பார். பெயர்கள் அங்கே பதவி வாரியாக இருக்கின்றன, அதிகாரிகள் முதலில், சிப்பாய்கள் பின்னால்.